இலவச இசைக்கும் கொப்பிரைட் கிளெய்ம்: யூடியூப்பின் டிஸ்பியூட் முறையை நம்பலாமா?

யூடியூப்பில் வரும் கொப்பிரைட் கிளெய்மை எதிர்த்து டிஸ்பியூட் போடும் வசதி உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் லைசன்ஸ் கடதாசி கையில் இருப்பவருக்கே அது வேலை செய்யும். "இது இலவச இசைதானே" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் சமையல், பயணம், கோயில் திருவிழா, கலியாண வீடு என்று வீடியோ போடுகிறவர்களில் பெரும்பாலோர் நேர்மையாக இலவச இசையைத் தேடித்தான் எடுக்கிறார்கள். அப்படியிருந்தும் கிளெய்ம் வருகிறது. ஏன் வருகிறது, வந்தால் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, யூடியூப்பின் முறையில் எது நல்லது, எது அநியாயம், இசையை எங்கே எடுத்தால் இந்தத் தலையிடி குறையும் என்பதையெல்லாம் பார்க்கலாம்.

முதலில் பயம் தெளிய வேண்டும். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது கன்டென்ட் ஐடி என்ற இயந்திரம், உங்கள் வீடியோவின் ஒலி தன்னிடம் பதிந்திருக்கும் ஓர் இசையோடு ஒத்துப்போகிறது என்று சொல்வது. அதனால் உங்கள் சனலுக்குக் கரும்புள்ளி விழாது. அந்த வீடியோவின் விளம்பரக் காசு உரிமை கோரியவருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தடைப்படலாம், அல்லது பார்வைப் புள்ளிவிபரத்தை மட்டும் அவர் கவனித்துக்கொண்டிருக்கலாம். ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் முறைப்படி எழுதிக் கேட்டு வீடியோவை இறக்குவது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சனலே போய்விடும். இந்த வேறுபாடு தெரியாமல் கிளெய்ம் வந்த உடனேயே வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். மறுபடி ஏற்றினாலும் அதே இயந்திரம் அதே இடத்தைப் பிடிக்கும். பழைய வீடியோவுக்குச் சேர்ந்த பார்வைகளும் கருத்துகளும் போனதுதான் மிச்சம். இசையின் வேகத்தைக் கூட்டி, சுருதியை மாற்றித் தப்பப் பார்ப்பதும் கூடாது. பிறகு உரிமம் இருக்கிறது என்று வாதாட நேர்ந்தால், ஒளித்து மறைத்த ஆள் என்ற பெயர்தான் கிடைக்கும்.

வீடியோ ஏற்றும்போது "செக்ஸ்" என்ற படி ஒன்று வரும். அதைக் கடந்து ஓடிவிடாமல் முடியும்வரை காத்திருங்கள். பிரசுரிக்கும் முன்பே கிளெய்ம் இருப்பதை அது காட்டிவிடும். ஏற்கனவே வெளிவந்த வீடியோ என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் "கன்டென்ட்" பகுதிக்குப் போங்கள். "ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்ற பத்தியில் "கொப்பிரைட்" என்று இருக்கும். அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் "சீ டீட்டெய்ல்ஸ்" வரும். உள்ளே ஒவ்வொரு கிளெய்முக்கும் ஒரு வரி இருக்கும்: பாட்டின் பெயர், கலைஞர் பெயர், வீடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, அதனால் என்ன பாதிப்பு, யார் கோருகிறார். டிஸ்பியூட் பொத்தானைத் தேட முன் இந்த வரியைப் படிக்க வேண்டும். நோய் இன்னதென்று இந்த வரிதான் சொல்லும்.

கிளெய்மில் இருக்கும் பாட்டின் பெயரும் கலைஞர் பெயரும் நீங்கள் டவுன்லோட் செய்த இசையின் பெயரோடு அப்படியே பொருந்தினால், இசையமைப்பாளரே தன் இசையைக் கன்டென்ட் ஐடியில் பதிந்து வைத்திருக்கிறார் என்று பொருள். அது தவறல்ல. காசு கொடுக்காமல் எடுப்பவர்களைப் பிடிக்க அவருக்கு வேறு வழியில்லை. உங்களிடம் அனுமதி இருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்த வகைக் கிளெய்ம் லைசன்ஸைக் காட்டியவுடன் பெரும்பாலும் விலகும். பல இசைத் தளங்கள் கிளெய்மை நீக்குவதற்கென்றே தனிப் படிவம் வைத்திருக்கின்றன. அங்கே வீடியோவின் முகவரியையும் லைசன்ஸ் எண்ணையும் கொடுத்தால் யூடியூப்பில் டிஸ்பியூட் போடாமலே காரியம் முடியலாம்.

பாட்டின் பெயரும் கலைஞரும் முற்றிலும் வேறாக இருந்தால், பெரும்பாலும் லூப் தகராறுதான். லூப் என்பது திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கும் சிறு இசைத் துண்டு. இசை மென்பொருட்களோடு இலவசமாக வரும் தபேலா லூப்பையோ கிட்டார் துண்டையோ உங்கள் இசையமைப்பாளரும் பயன்படுத்தியிருப்பார், எங்கோ இருக்கும் இன்னொருவரும் பயன்படுத்தியிருப்பார். அந்த இன்னொருவர் தன் பாட்டை ஒரு விநியோக நிறுவனம் மூலம் வெளியிடும்போது கன்டென்ட் ஐடிக்கான கட்டத்தையும் தட்டிவிடுகிறார். தனக்கு மட்டும் சொந்தமில்லாத லூப் கலந்த இசையைப் பதியக்கூடாது என்பது யூடியூப்பின் விதி. பதிகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. இதை அறிய, கிளெய்ம் சொல்லும் நிமிட அளவைப் பாருங்கள். முழு இசையும் பிடிபடாமல், தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் மட்டும் பிடிபட்டிருந்தால் லூப் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

மூன்றாவது வகைதான் மோசமானது. இசை அதே இசை, ஆனால் கலைஞர் பெயர் வேறு. யாரோ ஓர் ஆள் இலவச இசையை எடுத்துத் தன் பெயரில் பதிந்துவிட்டார். இப்படி வந்தால் டிஸ்பியூட் போடுவதோடு நிற்காமல் மூல இசையமைப்பாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் ஒரு வீடியோவை விடுவிக்க நீங்கள் போராடலாம். திருட்டுப் பதிவையே தூக்க அவரால்தான் முடியும். இந்த மோசடி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா வழக்கு ஒன்றே போதும். தங்களுக்குச் சொந்தமில்லாத இலத்தீன் இசையைக் கன்டென்ட் ஐடி வழியாக உரிமை கோரி, 2 கோடி டொலருக்கு மேல் சுருட்டியதாக இருவர் மீது 2021 இல் குற்றம் சாட்டப்பட்டது. இருவரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ச் சனல்களுக்கு இதில் தனியான ஒரு பாதிப்பு உண்டு. பார்க்கிறவர்களில் பெரும்பகுதி கனடா, பிரித்தானியா, சுவிஸ், பிரான்ஸ் என்று வெளிநாடுகளில் இருக்கிறது. கிளெய்ம் "சில நாடுகளில் தடை" என்று வந்தால் எந்த நாடுகள் என்று கட்டாயம் விரித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து திறந்தால் வீடியோ ஓடும், எல்லாம் சரி என்று தோன்றும். ரொறொன்ரோவில் இருக்கும் மாமிக்குக் கறுப்புத் திரைதான் வரும். வீடியோவைத் தடுக்கும் கிளெய்முக்கு மட்டும் முதல் டிஸ்பியூட்டைத் தாண்டி நேரே அடுத்த படியான அப்பீலுக்குப் போகும் வழியை யூடியூப் வைத்திருக்கிறது. கடதாசி பலமாக இருந்தால் அதை எடுக்கலாம், பலவீனமாக இருந்தால் கிட்டேயும் போகக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

காசு விடயத்தில் நினைவில் இருக்க வேண்டிய எண் 5. கிளெய்ம் வந்து 5 நாட்களுக்குள் டிஸ்பியூட் போட்டால், கிளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்தே விளம்பர வருமானத்தை யூடியூப் தனியாக ஒதுக்கி வைக்கும். முடிவில் யார் வெல்கிறாரோ அவருக்குக் கொடுக்கும். 5 நாட்கள் கடந்தால், நீங்கள் டிஸ்பியூட் போட்ட நாளிலிருந்து வரும் காசு மட்டுமே ஒதுக்கப்படும். நல்லூர்த் தேர் வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பார்வைகள் முதல் மூன்று நான்கு நாட்களில் குவியும், தீர்த்தம் முடிந்து கொஞ்ச நாளில் அடங்கிவிடும். அப்படியான வீடியோவுக்கு ஆறாம் நாள் டிஸ்பியூட் போட்டு வென்றாலும் கைக்கு வருவது வண்டல்தான். திருவிழாக் காலத்தில் 25 நாளும் படம் எடுக்கும் அலைச்சலில் ஸ்டூடியோவைத் திறந்து பார்க்காமல் விடுவதால் போகும் காசு இது.

டிஸ்பியூட் படிவம் எளிமையானது. "செலெக்ட் அக்ஷன்" அழுத்தி "டிஸ்பியூட்" தெரிவு செய்தால் காரணம் கேட்கும்: சொந்தப் படைப்பு, லைசன்ஸ், நியாயமான பயன்பாடு, பொதுச்சொத்து (உரிமைக் காலம் முடிந்த படைப்பு). இலவச இசைத் தளத்தில் எடுத்ததற்கு லைசன்ஸ் என்பதே சரியான காரணம். "வீடியோ நான் எடுத்ததுதானே" என்று சொந்தப் படைப்பைத் தட்டுவது தவறு. கேள்வி இசையைப் பற்றியது. விளக்கப் பெட்டியில் எழுதுவதுதான் வழக்கின் உயிர். அதை வாசிப்பது யூடியூப் அல்ல, உரிமை கோரியவர். அவர் எந்த நாட்டிலும் இருக்கலாம், ஆகவே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்: "வீடியோவில் 1:12 முதல் 2:45 வரை உள்ள இசை, இந்த இசையமைப்பாளரின் இந்தப் பெயருடைய இசை. இந்தத் தளத்தில் இந்தத் திகதியில் எடுத்தேன். லைசன்ஸ் பெயர் இது, அதன் பக்க முகவரி இது, சான்றிதழ் எண் இது. வணிக நோக்கத்துக்கும் யூடியூப் வீடியோவுக்கும் இந்த லைசன்ஸ் அனுமதிக்கிறது. கிளெய்மை விலக்கவும்." லூப் தகராறு என்றால் இன்னொரு வரி: "உங்கள் பாட்டிலும் எங்கள் இசையிலும் ஒரே பொது லூப் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும் உரியதல்ல." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். கெஞ்சலும் கோபமும் அங்கே எடுபடாது.

எடுபடாத வேறு சில வாதங்களும் உண்டு. இசையமைப்பாளர் பெயரை விபரத்தில் போட்டேன், வீடியோவில் காசு உழைக்கவில்லை, பாட்டைக் காசு கொடுத்து வாங்கினேன், கொஞ்ச நொடிதான் போட்டேன். இவை எதுவும் அனுமதியாகாது. வீடியோவின் கீழே "உரிமை மீறும் நோக்கம் இல்லை" என்று எழுதி வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பாதுகாப்புத் தராது. "இந்த இசை என்னுடையதல்ல" என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் முடியும்.

இந்தச் சேவையின் பெரிய குறை இனித்தான். டிஸ்பியூட்டுக்குத் தீர்ப்புச் சொல்பவர் நடுவர் அல்ல, கிளெய்ம் போட்டவரே. அவருக்கு 30 நாள் அவகாசம். விலக்கலாம், உங்கள் வாதத்தை நிராகரித்துக் கிளெய்மை நிலைநிறுத்தலாம், வீடியோவையே இறக்கச் சொல்லலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் கிளெய்ம் தானாகக் காலாவதியாகும். எத்தனையோ பேருக்கு விடுதலை இப்படித்தான் கிடைக்கிறது. நிராகரித்தால் அடுத்தது அப்பீல். அதற்கு அவருக்கு 7 நாள்தான். முன்பு இதுவும் 30 நாளாக இருந்தது, 2022 இல் குறைத்தார்கள். யூடியூப் செய்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று.

ஆனால் அப்பீலில் அவருக்கு எஞ்சும் வழிகள் குறைவு. ஒன்று விலக வேண்டும், அல்லது முறைப்படி வீடியோவை இறக்கக் கேட்க வேண்டும். இறக்கினால் உங்களுக்கு ஸ்ட்ரைக். நேரே அப்பீலுக்குப் போவது பற்றி மேலே எச்சரித்தது இதனால்தான். அதற்கும் பின்னால், இறக்கிய வீடியோவைத் திருப்பித் தரக் கேட்கும் சட்டக் கடிதமான எதிர் அறிவித்தல் இருக்கிறது. அதைக் கொடுத்தால், உரிமை கோரியவர் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் நீதிமன்றம் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக்கும் போகும். ஆனால் அந்தக் கடிதத்தில் உங்கள் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் மற்றத் தரப்புக்குப் போகும். பொய் என்றால் தண்டனைக்கு உடன்படுகிறேன் என்றும், கலிபோர்னிய நீதிமன்ற அதிகாரத்தை ஏற்கிறேன் என்றும் கையொப்பமிட வேண்டும். சான்றிதழ் கையில் உள்ளவர் துணிந்து போடலாம். மற்றவர்கள் அதற்கு முன்பே, "செலெக்ட் அக்ஷன்" பட்டியலில் இருக்கும் "ரீப்ளேஸ் சோங்" மூலம் பாட்டை மாற்றிவிட்டுப் போவது உத்தமம்.

எண்ணிக்கை டிஸ்பியூட் போடுகிறவர் பக்கம்தான் இருக்கிறது. யூடியூப் வெளியிட்ட முதல் கொப்பிரைட் வெளிப்படை அறிக்கையின்படி, 2021 முதல் ஆறு மாதத்தில் வந்த கிளெய்ம்கள் 72 கோடிக்கு மேல். அவற்றில் டிஸ்பியூட் ஆனவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. டிஸ்பியூட் ஆனவற்றில் 60 சதவீதம் வீடியோ ஏற்றியவர் பக்கம் முடிந்திருக்கின்றன. டிஸ்பியூட் இவ்வளவு குறைவு என்பதை யூடியூப் தன் இயந்திரத்தின் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டுகிறது. பயந்து பேசாமல் விட்டவர்களும் அந்த 99 சதவீதத்துக்குள்தான் அடங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோயில் வீடியோக்களுக்கு வருவோம். நாதஸ்வரம் நேரில் வாசிப்பதை நீங்களே பதிவு செய்தீர்கள், ஆனாலும் ஒரு கசெட் கம்பனியின் பெயரில் கிளெய்ம் வருகிறது. வாசித்தது தியாகராஜர் கீர்த்தனை என்றால் அவர் காலமானது 1847. பாட்டு பொதுச்சொத்து, பதிவு உங்களுடையது. பொதுச்சொத்து என்ற காரணத்தைத் தெரிவு செய்து, உருப்படியின் பெயர், இயற்றியவர், மறைந்த ஆண்டு, நேரடிப் பதிவு நடந்த இடம், நாள் ஆகியவற்றை எழுதுங்கள். முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, தேவாரம், திருப்புகழ் எல்லாவற்றுக்கும் இதே வழி. பாபநாசம் சிவன் பாட்டுக்கு இந்த வாதம் செல்லாது. அவர் காலமானது 1973. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. இரண்டும் இன்னும் முடியவில்லை. ஒலிபெருக்கியில் போட்ட சினிமாப் பக்திப் பாட்டு பின்னணியில் கேட்டால் அந்தக் கிளெய்ம் நியாயமானது. டிஸ்பியூட் போடாதீர்கள். பேச்சை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் அழிக்கும் வசதி அதே பட்டியலில் இருக்கிறது, ஓரளவு நன்றாகவே செய்கிறது.

இசை எடுக்கும் இடங்களில் முதலிடம் யூடியூப்பின் சொந்த ஓடியோ லைப்ரரிக்குத்தான். 2013 இல் தொடங்கியது. ஸ்டூடியோவின் இடதுபக்கப் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து மட்டுமே எடுங்கள். அதே பெயரில் இயங்கும் சனல்களிலிருந்து எடுக்க வேண்டாம். உள்ளே இரண்டு வகை லைசன்ஸ் உண்டு. கிரியேட்டிவ் கொமன்ஸ் (படைப்பாளி சொல்லும் நிபந்தனையோடு எவரும் இலவசமாகப் பயன்படுத்த விடும் பொது லைசன்ஸ்) அடையாளம் உள்ளவற்றுக்குப் பெயர் போட வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம். பெயர் தேவையில்லாதவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியும் இருக்கிறது. கிளெய்ம் வராது என்ற உத்தரவாதம் யூடியூப்புக்குள் மட்டும். குறை என்னவென்றால், எங்கள் ஊர் வீடியோவுக்குப் பொருந்தும் வீணை, மிருதங்கம் போன்ற ஒலி அங்கே குறைவு. கீரிமலைக் கடற்கரையை ட்ரோனில் காட்டும்போது ஹவாய்க் கிட்டார் போடும் நிலைமை அதனால்தான்.

பிக்ஸாபேயும் நல்ல தளம். ஆனால் அங்கே சில இசைகள் கன்டென்ட் ஐடியில் பதியப்பட்டவை. இசைப் பக்கத்திலேயே அதற்கான அடையாளம் இருக்கும், பார்க்காமல் எடுக்காதீர்கள். எடுத்தால் லைசன்ஸ் சான்றிதழையும் அதே கையோடு இறக்கி வையுங்கள். ஃப்ரீ மியூசிக் ஆர்கைவில் அருமையான இசைகள் உண்டு, லைசன்ஸோ பாட்டுக்குப் பாட்டு வேறு. வணிகத்துக்கு அனுமதி இல்லை என்று இருந்தால் விளம்பரம் ஓடும் சனலுக்கு ஆகாது. மாற்றம் செய்ய அனுமதி இல்லை என்று இருந்தாலும் ஆகாது, ஏனென்றால் இசையைப் படத்தோடு இணைப்பதையே கிரியேட்டிவ் கொமன்ஸ் மாற்றமாகத்தான் கருதுகிறது. இந்த இரண்டாவதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கெவின் மெக்லியோடின் இன்கொம்பிடெக் தளம் பெயர் போட்டால் போதும் என்ற நேர்மையான ஏற்பாடு. அவர் சொல்லும் வாசகத்தை அப்படியே விபரத்தில் ஒட்டுங்கள். தொலைபேசியில் கப்கட்டில் வெட்டுகிறவர்கள், அந்தச் செயலிக்குள் கிடைக்கும் பாட்டுகளை யூடியூப்புக்குக் கொண்டுவரக் கூடாது. செயலிக்குள் இருப்பதால் எல்லா இடத்துக்கும் அனுமதி கிடைத்ததாகாது. யூடியூப் தேடலில் "நோ கொப்பிரைட்" என்று போட்டு எடுக்கும் இசையை அறவே விடுங்கள். ஏற்றியவருக்கே உரிமை இருக்கிறதா என்று காட்ட அங்கே ஒரு கடதாசியும் இல்லை.

எங்கே எடுத்தாலும் அதே நாளில் மூன்றைச் சேமியுங்கள்: இசைக் கோப்பு, லைசன்ஸ் பக்கத்தின் முழு ஸ்கிரீன்ஷொட், சான்றிதழோ ரசீதோ. லைசன்ஸ் பக்க முகவரியை வெப் ஆர்கைவ் தளத்தில் "சேவ் பேஜ் நவ்" மூலம் பதிந்துவிட்டால், திகதியோடு மூன்றாம் தரப்புச் சாட்சி கிடைத்துவிடும். தளங்கள் விதியை மாற்றும். பிக்ஸாபேயே 2019 இல் பழைய பொதுச்சொத்து முறையை விட்டுத் தன் சொந்த லைசன்ஸுக்கு மாறியது. நீங்கள் எடுத்த நாளில் என்ன விதி இருந்தது என்பதுதான் வழக்கு.

கலியாண வீடு, சாமத்திய வீடு எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கு எபிடெமிக் சவுண்ட், ஆர்ட்லிஸ்ட் போன்ற சந்தாத் தளங்கள் பொருத்தம். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த கார்ட் வேண்டும். உங்கள் யூடியூப் சனலை அங்கே இணைத்துவிட்டால் கிளெய்ம் தானாகவே விலகும். ஆனால் பாதுகாப்பு இணைத்த சனலுக்கு மட்டும். வீடியோவை வாங்கிப்போன மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சனலிலோ பேஸ்புக்கிலோ ஏற்றினால் கிளெய்ம் அவர்களுக்கு வரும், பழி ஸ்டூடியோவுக்கு வரும். வாடிக்கையாளருக்காகச் செய்யும் வேலைக்கு எந்தத் திட்டம் வேண்டும் என்று சந்தா எடுக்க முன் பார்த்து, வீடியோவோடு சேர்த்து எந்த இசை, எந்த லைசன்ஸ், கிளெய்ம் வந்தால் யாரோடு கதைப்பது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பேஸ்புக்கில் மட்டும் போடும் சிறு துண்டு என்றால் மெட்டாவின் சவுண்ட் கலெக்ஷனிலிருந்து எடுத்து வெட்டலாம். அந்த இசையை வைத்து வெட்டிய துண்டை யூடியூப்பில் போடாதீர்கள், ஓடியோ லைப்ரரி இசையோடு தனிப் பிரதி ஒன்று வெட்டி வையுங்கள்.